அந்த ஒரு வருஷம் யார் வீட்டுச் சீர்?

ஆம்பூர்
3-6-2024

சம்பந்தியம்மா கெங்கம்மாளுக்கு,

பாண்டியனின் தாய் பட்டம்மாள் எழுதுகிறேன். சௌக்கியமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

நான் உங்களோடு பேசுவதில்லை என்பது இரண்டு ஊருக்கும் தெரியும். கெங்கையம்மன் கோயில் வாசலில் கற்பூரத்தை ஏற்றிக் கையால் அணைத்து, இனிமேல் இந்த அம்மாளோடு ஒரு வார்த்தை கிடையாது என்று சத்தியம் செய்தவள் நான். அந்தச் சத்தியம் வாய்க்குத்தான், கைக்கு இல்லை. பூசாரியிடமும் கேட்டுக்கொண்டேன். "எழுதறதைப் பத்தி அம்மன் ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றார். அதனால்தான் போனை எடுக்காமல் பேனாவை எடுத்தேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணலாக இருந்தால் கோணலாகவே படித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் நம் பேத்தி தமிழினியைப் பற்றி. நர்சு படிப்பை முடித்துவிட்டாள். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மணி அதற்குப் போகப் போவதில்லையாம். ஜவ்வாது மலையில் ஒரு சங்கம் இருக்கிறதாம், அங்கே ஒரு வருஷம் ஊழியம் செய்யப் போகிறாளாம். மலையில் இருக்கிற பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவது, கூடவே இருப்பது, மறுபடி கொண்டுபோய் வீட்டில் விடுவது. இதுதான் வேலை. இதைச் சாப்பிடுகிற நேரத்தில் வந்து சொல்கிறாள்.

"சம்பளம் இன்னாடி?" என்றேன்.

"கைச்செலவுக்குக் கொஞ்சம் குடுப்பாங்க ஆயா. தங்க எடம் இருக்குது."

"மத்ததுக்கு?"

"மத்ததுக்கு நீங்கள்லாம் இருக்கீங்களே."

பாண்டியன் தலையைத் தூக்காமல் சாப்பிட்டான். ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற வேலை பார்க்கிறவன், மகள் சம்பாதிக்கப் போகிறாள் என்று என்னென்னவோ கணக்குப் போட்டு வைத்திருந்தான். உங்கள் மகள் அம்பிகா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் ஜாஸ்தி. கையில் வந்த சம்பளத்தை வேண்டாம் என்று ஒருத்தி ஏன் சொல்ல வேண்டும்? தெருவில் எல்லாரையும் கேட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஷஹீன் பானு சொன்னாள், "எங்காளுங்க மார்க்கம் சொல்ல ஊர் ஊரா நாப்பது நாள் ஜமாத்துக்குப் போவாங்க ஆயா, அவங்கவங்க சொந்தச் செலவுல. வூட்டை அண்ணன் தம்பி பாத்துக்குவாங்க. அது மாதிரின்னு வெச்சிக்கோங்க." நாற்பது நாள் எங்கே, ஒரு வருஷம் எங்கே.

சரி, அதை நான் விசாரித்துத் தெரிந்துகொள்வேன். ஆனால் நேற்று ஒரு சேதி காதில் விழுந்தது. நீங்கள் போனில் அவளிடம், "நீ கவலைப்படாதடி, அந்த வருஷத்துக்கு ஆவறது உங்கம்மா பொறந்த வூட்டுச் சீரு, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னீர்களாம். யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்? என் மகன் கல்லு மாதிரி இருக்கிறான். என் வீட்டுப் பெண்ணை ஒரு இடத்துக்கு அனுப்ப எனக்கு வக்கில்லை என்று ஊருக்குச் சொல்கிறீர்களா?

பதில் எழுதவும்.

இப்படிக்கு
பட்டம்மாள்


நாட்றம்பள்ளி
11-6-2024

சம்பந்தியம்மாவுக்கு கெங்கம்மாள் வணக்கம்.

விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. தபால்காரரைப் பார்த்ததும் பேங்கு நோட்டீசு என்று என் மகன் கன்னியப்பன் பயந்தான். உங்கள் பெயரைப் பார்த்ததும் பேங்கே பரவாயில்லை என்றான்.

உங்கள் எழுத்தில் கோணல் ஒன்றும் இல்லை. சொல்ல வந்ததில்தான் கொஞ்சம் கோணல்.

இத்தனை வருஷமாக ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன். நீங்கள்தான் பேசமாட்டீர்களே, எப்படிக் கேட்பது? என் மேல் என்ன கோபம்? தமிழினி காதுகுத்துக்கு மாமன் சீராக நாங்கள் ஓட்டி வந்த கிடா கிழடு என்று உங்கள் பக்கத்தில் யாரோ பேசினார்கள். அதற்காகத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கிடா கிழடு இல்லை. கொஞ்சம் மெலிவு, அவ்வளவுதான்.

சீர் விஷயத்துக்கு வருகிறேன். பெண்பிள்ளைக்கு முதன்முதலாக நடப்பது எல்லாம் தாய் பிறந்த வீட்டு உரிமை. மொட்டை அடித்தது மாமன் மடியில். காது குத்தியது மாமன் மடியில். வயசுக்கு வந்தபோது பச்சை ஓலை கட்டித் தாம்பாளம் தூக்கி வந்தது நாங்கள். நாளைக்கு அவளுக்குப் பிரசவம் என்றால் அம்பிகா பார்ப்பாள். இப்போது படிப்பை முடித்து, தன் இஷ்டமாக முதல் முதலாக வெளியே கால் வைக்கிறாள். இதுவும் முதல்தானே. இதற்கு வழக்கம் இல்லை என்பீர்கள். ஒருத்தர் செய்தால் அதுதான் வழக்கம்.

இன்னொன்று. போன வருஷம் அந்தச் சங்கத்துக்கு வந்த பெண் பாதியில் போய்விட்டாளாம். அதனால் இந்தத் தடவை, வருஷம் முழுவதும் வீடு தாங்குமா என்று வீட்டுப் பெரியவர்கள் வாயால் சொல்லச் சொல்கிறார்கள். ஜூலை முடிவதற்குள் சொல்லாவிட்டால் வேறு பெண்ணைச் சேர்த்துக்கொள்வார்களாம். தமிழினி உங்களிடம் சொல்லப் பயந்து என்னிடம் சொன்னாள். நாம் இரண்டு பேரும் இழுத்துக்கொண்டிருந்தால் பெண்ணுக்குத்தான் நஷ்டம்.

கெங்கம்மாள்


ஆம்பூர்
16-6-2024

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தில் சரியாகத் தெரியவில்லை.

கிடாவா? கிடாவுக்கு முன்பே நான் பேச்சை நிறுத்திவிட்டேன். காதுகுத்து அன்றைக்கு நான் உங்களோடு பேசவில்லை என்பதையே நீங்கள் கவனிக்கவில்லையா? அதுவே எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. இதையும் சேர்த்து எழுதிக்கொள்கிறேன்.

சொல்கிறேன், கேளுங்கள். தமிழினி உங்கள் வீட்டில் பிறந்தாள். பிறந்த மூன்றாம் நாள் நான் வந்தேன். அப்போது நான் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. லீவு கேட்டால் மேஸ்திரி கொடுக்கமாட்டான் என்று, காலை வேலையை முடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறினேன். வாணியம்பாடியில் மாறி, நின்றுகொண்டே வந்தேன். கையில் ஒரு வெள்ளைச் சட்டை, நானே தைத்தது. உங்கள் வீட்டுக் கூடத்தில் உங்கள் நாத்தனார் இரண்டு பேரும், உங்கள் ஊர் டீச்சரம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் பச்சைப் புடவை கட்டியிருந்தீர்கள், தலைப்பில் ஈரம் இருந்தது. நான் குழந்தையைத் தூக்கக் கை நீட்டினேன். நீங்கள் சொன்னீர்கள், "சேலையில தோலு வாசம் அடிக்குது. குளிச்சிட்டு வந்து தூக்குங்க."

டீச்சரம்மா தன் புடவையை இழுத்து மூடிக்கொண்டாள். நான் பின்பக்கம் மோட்டார் தொட்டியில் குளித்தேன். மாற்றுப் புடவை எடுத்து வரவில்லை. ஈரப் புடவையோடு குழந்தையைத் தூக்கினேன், அது குளிர் பட்டு அழுதது. "பார், ஆயா வந்தா அழறா" என்று உங்கள் சின்ன நாத்தனார் சிரித்தாள். திரும்பி வந்து கோயிலில் இறங்கிக் கற்பூரம் வாங்கினேன். இதுதான் கோபம். கிடாவாம்.

இப்போது சீர் விஷயம். மொட்டை, காதுகுத்து எல்லாம் தாய்மாமனுக்கு என்பது சரி. ஆனால் நன்றாக யோசித்துப் பார்த்தேன். தமிழினி போவது எப்படி இருக்கிறது தெரியுமா? மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் மாதிரி இருக்கிறது. வேற்று வீட்டுக்குப் போகிறாள், விடிய எழுந்து உழைக்கிறாள், சம்பளம் கிடையாது. கல்யாணச் செலவைப் பெண்ணைப் பெற்ற வீடு செய்ய வேண்டும். பெற்றது பாண்டியன். ஆகையால் இந்த வருஷம் எங்கள் செலவு. கடலை விற்ற காசை நீங்கள் உங்கள் மாட்டுப் புண்ணாக்குக்கே செலவழியுங்கள்.

பட்டம்மாள்


நாட்றம்பள்ளி
24-6-2024

சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் எழுதியதைக் கன்னியப்பனுக்குப் படித்துக் காட்டினேன். அவனுக்கும் ஞாபகம் இல்லை. எனக்கும் ஞாபகம் இல்லை. நாத்தனார்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் புடவைத் தலைப்பில் ஈரம் இருந்தது வரை நீங்கள் சொல்வதால், நான் சொல்லியிருப்பேன். மாட்டுக் கொட்டாயிலிருந்து வந்தால் என் வீட்டுக்காரரையும் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க விடுவேன். ஆனால் அவரை நான்கு பேர் நடுவில் வைத்துச் சொல்லியிருக்கமாட்டேன். இது எனக்கே இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் என்று எழுதியிருந்தீர்கள். அரை நாள் சிரித்தேன். மாமியாரும் இல்லை, யோகக்காரி.

கடுதாசியில் வழக்கு நடத்தினால் ஜூலை போய்விடும். அந்த இடம் எப்படி இருக்கிறது, அங்கே இவள் என்ன செய்யப் போகிறாள் என்று பார்க்காமல் நாம் யார் செலவு என்று அடித்துக்கொள்கிறோம். வருகிற ஞாயிறு கன்னியப்பன் ஒரு சுமோ பேசியிருக்கிறான். ஆம்பூர் வந்து தமிழினியை ஏற்றிக்கொண்டு, ஆலங்காயம் வழியாக மலை ஏறுகிறோம். நான் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

கெங்கம்மாள்


ஆம்பூர்
27-6-2024

சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதுவீர்களா? நல்ல கதை. நானும் வருகிறேன். சத்தியம் சத்தியம்தான், பேசமாட்டேன். முன்சீட்டில் நீங்கள் உட்காருங்கள், நான் பின்னால் உட்காருகிறேன். எனக்கு வளைவில் வாந்தி வரும், ஓட்டுகிறவரை மெதுவாகப் போகச் சொல்லவும்.

பட்டம்மாள்


ஆம்பூர்
4-7-2024

சம்பந்தியம்மாவுக்கு,

நல்லபடியாக வீடு சேர்ந்திருப்பீர்கள். எனக்கு இன்னும் இடுப்பு வலி போகவில்லை. மலை ஏறி இறங்கும் வரைக்கும் உங்கள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்ததில் ஒன்று தெரிந்தது. உங்களுக்கும் முடி கொட்டிவிட்டது.

நீங்களும் கூடத்தான் இருந்தீர்கள். ஆனால் நீங்களும் கன்னியப்பனும் சாமைக் கொல்லையைப் பார்க்கப் போன நேரத்தில் நாம் போன மலை வீட்டுப் பெண் ஜோதி என்னிடம் சொன்னது உங்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். தெரிந்துகொள்ளத்தானே போனோம்.

அவள் முதலில் நம் இரண்டு பேரையும் பார்த்துப் பயந்துதான் போனாள். "அவங்களுக்குத் தண்ணி வேணுமா கேளும்மா" என்று நான் சொல்ல, "வேணாம், அவங்க முதல்ல குடிக்கட்டும்னு சொல்லும்மா" என்று நீங்கள் சொல்ல, அவள் சொம்பை வைத்துக்கொண்டு நடுவில் நின்றாள். பிறகு தமிழினி காதில், "ரெண்டு பேருக்கும் காது கேக்காதா?" என்று கேட்டாள். நம் பேத்தி சிரிப்பை அடக்கப் பலாமரத்துப் பக்கம் போய்விட்டாள்.

நீங்கள் போன பிறகு நான் ஜோதியைக் கேட்டேன், "கீழ ஆஸ்பத்திரிக்கு வண்டி வருதே, நீங்களே போய் வர்றதுக்கு இன்னா? கூட ஒருத்தி எதுக்கு?"

"வண்டி வாசல்ல எறக்கி வுட்டுடும் ஆயா. அதுக்கு மேல எங்க போறது? இங்க சீட்டு வாங்குன்னுவாங்க, அங்க ரத்தம் குடுன்னுவாங்க. ஒரு ரூமுக்குப் போனா வேற ரூமுன்னுவாங்க. கேட்டா கத்துவாங்க. போன வருசம் ஒரு அக்கா இருந்துச்சு. அது கூட வந்தா யாரும் கத்த மாட்டாங்க. எனக்கு வலி எடுக்கறப்ப கூடவே இருக்கேன்னு சொல்லிச்சு."

"இருந்தாளா?"

"இல்ல ஆயா. அவங்க வூட்ல கஷ்டம்னு கூப்ட்டுக்கிட்டாங்க. நான் வரும் வரும்னு பாத்துனு இருந்தேன். வலி எடுத்தப்பறம்தான் தனியா போனேன். வாசல்ல எறங்கி ஜனத்தைப் பாத்ததும் பயந்து திரும்பிட்டேன். பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு பூக்காரம்மா கொட்டாயில பொறந்தான்."

அந்தப் பையன்தான் மூக்கு ஒழுகிக்கொண்டு கோழி பின்னால் தவழ்ந்தான், பார்த்தீர்களே, அவன். நல்லவேளை, பிழைத்தான்.

நான் ஜோதியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அந்தப் பெண்ணை ஒரு சொல் திட்டவில்லை. "பாவம், அதுக்கு இன்னா கஷ்டமோ" என்றாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. நானாக இருந்தால் சாகிற வரைக்கும் மறந்திருக்கமாட்டேன். அந்த மாதிரி ஒருத்தியிடம் போய், நான் கூட இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதியில் வருவதைவிடப் போகாமலே இருக்கலாம். போனால் வருஷம் முழுவதும் இருக்க வேண்டும். ஒரு வருஷம் எதற்கு என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேனே, ஒரு வயிறு நிறைந்து இறங்கி, பிள்ளைக்குத் தலை நிற்கிற வரைக்கும் ஆகிற காலம் அது. இப்போது புரிகிறது.

சங்கத்து அம்மாள், "வருஷம் பூரா வீடு தாங்குமா?" என்று கேட்டபோது நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "தாங்கும்" என்றோம். "எந்த வீடு?" என்றார். அதற்கும் இரண்டு பேரும் "எங்க வீடு" என்றோம். முடிவு செய்துகொண்டு போன் பண்ணுங்கள் என்று அனுப்பிவிட்டார். தமிழினி இறங்கி வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

என் முடிவு மாறவில்லை. எங்கள் வீடு தாங்கும். எங்களுக்கு ஒரு குறையும் கிடையாது.

பட்டம்மாள்


நாட்றம்பள்ளி
10-7-2024

சம்பந்தியம்மாவுக்கு,

ஜோதி சொன்னதை எழுதினீர்கள். அன்றைக்கு இரவு என் சோற்றை மாட்டுக்கு வைத்தேன்.

நானும் ஒன்று பார்த்தேன். உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று தெரியாததால் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். ஞாயிறு காலை உங்கள் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது அம்பிகா எனக்கு மோர் கொண்டுவந்தாள். டம்ளரைப் பிடித்த கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் ரப்பர் துண்டு சுற்றியிருந்தாள். அதைக் கழற்றச் சொன்னேன். நூல் அறுத்த வெட்டு, விரல் பூராவும். பெருவிரல் நுனியில் ஊசி குத்திய கருப்பு. உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பெண்கள் ஷூவுக்கு அப்பர், அதுதான் மேல்தோல், தைக்கிறார்களே, அந்தக் கைத்தையல்தான்.

"எப்பத்துலர்ந்துடி?" என்றேன். "தமிழினி மலைக்குப் போறேன்னு சொன்ன அன்னிலர்ந்து. சத்தம் போடாதம்மா, அத்தைக்குத் தெரியாது" என்றாள்.

நிச்சயத் தாம்பாளம் மாற்றிய அன்று நீங்கள் எல்லார் முன்பும் சொன்னீர்கள். "நான் தோலுல ஒழைச்சது போதும். என் மருமவ தோலைத் தொடமாட்டா." நான் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்று நினைத்திருப்பீர்கள். இது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பெண்ணைக் கொடுத்தேன்.

உங்களைக் குத்திக் காட்ட எழுதவில்லை. குத்துகிறது என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் இரண்டு பேரும் யார் செலவு யார் செலவு என்று வழக்காடிக்கொண்டிருக்கும்போது, அவள் யாரையும் கேட்காமல் செலவு செய்ய ஆரம்பித்துவிட்டாள். மகள் சம்பளம் வராது என்று தெரிந்த அன்றைக்கே ஊசியை எடுத்திருக்கிறாள். உங்கள் ஷஹீன் பானு முதல் கடிதத்திலேயே சரியாகச் சொன்னாள். போகிறவர்களுக்குச் செலவு பெரிசு இல்லை. விட்டுப் போகிற வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. போன வருஷத்துப் பெண் அதனால்தான் இறங்கி வந்தாள்.

அதனால் சீர் வேண்டாம். மலைக்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை. மாசத்துக்கு ஒரு மூட்டை அரிசி, கேழ்வரகு, செக்கு எண்ணெய், உங்கள் வீட்டுக்குக் கன்னியப்பன் கொண்டுவருவான். ஒரு வருஷத்துக்கு. பாண்டியன் சம்பளம் மற்றதுக்குப் போதும். அம்பிகா ஊசியைக் கீழே வைக்க வேண்டும்.

ஒன்று எனக்குத் தெரியும். பொங்கலுக்குப் பொங்கல் நான் அனுப்புகிற அரிசியை அம்பிகா கையில் கொடுத்துவிட்டு, உங்களுக்கு மட்டும் ரேஷன் அரிசி தனிப் பானையில் வடித்துக்கொள்கிறீர்கள். இத்தனை வருஷமாக என் வீட்டு அரிசி ஒரு பருக்கை நீங்கள் தொட்டதில்லை. அது உங்கள் இஷ்டம். ஆனால் இப்போது வாசலுக்கு வருவதை உள்ளே எடுப்பதும் திருப்பி அனுப்புவதும் உங்கள் கையில். திருப்பி அனுப்பினால் தமிழினி மூன்றாம் மாசம் பஸ் ஏறி வந்துவிடுவாள். அம்மா விரலை ஒரு நாள் பார்க்கமாட்டாளா?

கெங்கம்மாள்


ஆம்பூர்
2-8-2024

சம்பந்தியம்மாவுக்கு,

உடனே பதில் எழுதவில்லை. எல்லாம் முடிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று அம்பிகாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினேன். கையைக் காட்டு என்றேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள், சின்னப் பிள்ளை மாதிரி. இழுத்துப் பார்த்தேன். சாயங்காலம் ஷஹீன் பானு வீட்டுக்கு சீரியல் பார்க்கப் போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே உட்கார்ந்து தைத்திருக்கிறாள்.

"ஏன்டி சொல்லலை?"

"சொன்னா நீங்க நிறுத்திடுவீங்க அத்தே."

"நிறுத்துனா இன்னா?"

"நிறுத்துனா இவரு தமிழைக் கூப்ட்டு, வேலூருக்குப் போம்மான்னு ஒரு வார்த்தை சொல்லுவாரு. அப்பா சொன்னா அவ போயிடுவா. அப்பறம் ஆயுசுக்கும் மனசுல வெச்சிருப்பா, வாயால சொல்ல மாட்டா."

மனதில் வைத்துக்கொள்கிறது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. நேராக ஷஹீன் பானு வீட்டுக்குப் போனேன். "என் மருமவதான் கெடச்சாளா உனக்கு?" என்று சத்தம் போட்டேன். "கேட்டது அக்காதான் ஆயா. நான் தையல் குடுக்கலைன்னா அடுத்த தெருவுல போய் வாங்கியிருக்கும். இங்கன்னா லைட்டாவது நல்லா எரியுது" என்றாள். அவள் மேல் ஒரு வாரம் கோபமாக இருந்தேன். அது போய்விட்டது. அவளோடு பேசாமல் இந்தத் தெருவில் இருக்க முடியாது.

போன வாரம் கன்னியப்பன் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினான். காபி குடிக்கிறாயா என்று நான் கேட்டேன், அவனோடு எனக்குச் சண்டை இல்லை. பயந்துகொண்டே குடித்துவிட்டுப் போனான். மூட்டை வாசற்படி ஓரமாகவே கிடந்தது. யாரும் தொடவில்லை. நான் சொல்லாமல் என் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். அம்பிகா தாண்டித் தாண்டிப் போனாள். பாண்டியன் வண்டியை அதன் மேல் இடிக்காமல் சுற்றி நிறுத்தினான். தமிழினி பையை எடுத்து வைப்பதும், சாமான்களைத் திரும்ப அலமாரியில் வைப்பதுமாக இருந்தாள். மழை வருகிற மாதிரி இருந்தது. அப்போதும் என்னைத்தான் பார்த்தார்கள், மூட்டையைப் பார்க்கவில்லை.

நான் படியில் உட்கார்ந்து யோசித்தேன். கெங்கம்மாள் வீட்டு அரிசியை ஒரு வருஷம் தின்பதா என்று யோசித்தேன். ஈரப் புடவையை யோசித்தேன். அது எங்கேயும் போகவில்லை, அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் ஞாபகம் இல்லை என்று எழுதிவிட்டதால் அது என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது, நான்தான் வைத்திருக்க வேண்டும். அதே நேரத்தில் அந்த ஜோதி வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் கிடந்தது. தூறல் விழ ஆரம்பித்ததும் பாண்டியனைக் கூப்பிட்டேன். "உள்ள தூக்கி வெய்டா, நனையுது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு அம்பிகா அழுவானேன்? அழுதுகொண்டே போய் ஊசியை ஷஹீன் பானுவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சங்கத்து அம்மாளுக்கு நானே போன் போட்டேன். "வருஷம் பூரா தாங்கும்மா" என்றேன். "எந்த வீடும்மா?" என்று அந்த அம்மாள் விடாமல் கேட்டார். "அது எங்க ரெண்டு வீட்டுக்குள்ள இருக்கற வழக்கு. உங்களுக்குப் பொண்ணு வரும், நடுவுல கூப்பிடமாட்டோம்" என்றேன்.

திங்கட்கிழமை தமிழினி போனாள். ஆலங்காயம் பஸ்ஸில் பாண்டியன் ஏற்றிவிட்டான். அங்கே போன் டவர் கிடைக்காதாம், வாரத்துக்கு ஒரு நாள் கீழே வரும்போது பேசுவாளாம். ஜோதியின் தங்கைக்கு இது ஏழாம் மாசம். முதலில் அவளிடம்தான் போவதாகச் சொன்னாள்.

உங்களோடு பேசுவதாக இல்லை. அம்மனுக்குக் கொடுத்த சொல்லை அரிசிக்காக மாற்ற முடியாது. அடுத்த தடவை மலைக்குப் போனாலும் பின்சீட்டில்தான் உட்காருவேன்.

நேற்று வீட்டில் ஒரே பானைதான் வைத்தோம். நானும் அதில்தான் சாப்பிட்டேன். உங்கள் அரிசி புதுசு, களி மாதிரிக் குழைந்துவிட்டது, குழம்பு ஒட்டவே இல்லை. அறுத்த சூட்டோடு அரைத்து அனுப்புகிற பழக்கத்தை விடுங்கள். அடுத்த மாசம் பழைய அரிசியாகப் பார்த்துக் கட்டிவிடவும்.

பட்டம்மாள்